திருவொத்தியூர்ல இருந்து பவளப்பாறைக்கு: இந்த ஆராய்ச்சி வேலைக்குள்ள எப்படி நுழையுறது

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், நம்ம பக்கத்து கடல்ல பவளப்பாறை கெடையாது. காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் எங்க எறங்குனாலும் மணல், சேறு, கலங்கல் தண்ணி, கிழிஞ்ச வலை, அவ்ளோதான். போன மாசம் எங்க தெருவுல பிளஸ் டூ படிக்கிற பொண்ணு ஒண்ணு வந்து "அக்கா, நானும் உன்ன மாதிரி பவளப்பாறை படிக்கணும், இன்னா பண்ணணும்"னு கேட்டுச்சு, வாசப்படியில உக்காந்து ஒரு மணி நேரம் சொன்னேன், அப்புறம் இன்னும் ரெண்டு பேர் வந்து அதையே கேட்டாங்க, சரி ஒரே தடவையா எழுதி வெச்சிடலாம்னுதான் இது. நான் குப்பத்து பொண்ணு, நைனா ஃபைபர் போட்ல தொழிலுக்கு போறவரு, ஆயா கூடையில மீன் வித்தவங்க. மன்னார் வளைகுடாவுல பிஎச்டி முடிச்சேன். பெரிய விஞ்ஞானின்னு எல்லாம் நெனச்சுக்காதீங்க, வழி தெரிஞ்ச அக்கா சொல்றதா எடுத்துக்கோங்க.

நம்ம கடல்ல ஏன் பவளம் இல்லன்னு புரிஞ்சாலே பாதி பாடம் முடிஞ்ச மாதிரி. பவளப்பாறைன்னு பேர்ல பாறை இருக்கே தவிர அது பாறை இல்ல, சின்ன சின்ன பிராணிங்க சேர்ந்து கட்டுன காலனி. ஒவ்வொரு பிராணிக்கும் பாலிப்னு பேரு, அது தன்னை சுத்தி சுண்ணாம்பு கூடு கட்டிக்கிட்டே போகும். அதோட ஒடம்புக்குள்ள கண்ணுக்கு தெரியாத பாசி ஒண்ணு குடியிருக்கு, ஜூசாந்தெல்லேன்னு சொல்வாங்க, அந்த பாசி வெயில புடிச்சு சமைச்சு போடுறதுதான் பவளத்துக்கு பெரும்பங்கு சாப்பாடு. அப்போ வெயில் உள்ள எறங்கணும், தண்ணி தெளிவா இருக்கணும், உப்பு கொறையக்கூடாது. நம்ம பக்கம் மழைக்காலத்துல கூவமும் கொசஸ்தலையும் நல்ல தண்ணியும் வண்டலும் கொண்டாந்து கொட்டுது, அடியில மணல் ஒரு எடத்துல நிக்காம நகர்ந்துக்கிட்டே இருக்கு, அதுல எந்த பாலிப் குடித்தனம் பண்ணும் சொல்லுங்க. இந்தியாவுல பவளம் நல்லா இருக்கிற எடம்னா மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார், குஜராத்ல கட்ச் வளைகுடா. நமக்கு கிட்ட ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம்தான்.

ஆனா பவளம் இல்லாத ஊர்ல பொறந்தது கொறை இல்ல. இந்த வேலைல முக்கால்வாசி எண்ணுறதுதான். டிவில காட்டுற மாதிரி கலர் மீனு கூட நீந்துறது பத்து பங்குல ஒரு பங்கு இருக்கும், மிச்சமெல்லாம் ஒரு எடத்துக்கு திரும்ப திரும்ப போய் ஒரே மாதிரி அளந்து, எழுதி, கம்ப்யூட்டர்ல ஏத்தி, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன வித்தியாசம்னு பாக்குறது. அத பழகுறதுக்கு பவளம் வேணாம். கடல் அரிப்ப தடுக்க நம்ம கரையில போட்டு வெச்சிருக்கானே கருங்கல்லு, தூண்டில் வளைவு, அது போதும்.

இத நெசமாவே பண்ணுங்க, இந்த லீவுலயே. எலக்ட்ரிக் கடையில அரை இஞ்ச் பிவிசி பைப் வாங்கி 50 சென்டிமீட்டர் நீளத்துல நாலு துண்டு வெட்டிக்கோங்க, நாலு எல்போ போட்டு சதுரமா சேருங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் 10, 20, 30, 40 சென்டிமீட்டர்ல ஓட்டை போட்டு வீட்ல கெடக்குற தங்கூசிய, தூண்டிலுக்கு போடுற நைலான் நரம்பு, குறுக்கும் நெடுக்குமா இழுத்து கட்டுங்க, 25 கட்டம் வரும், நூல் ஒண்ண ஒண்ணு வெட்டுற எடம் 16 வரும். இதுக்கு குவாட்ரட்னு பேரு, உலகம் பூரா பவளப்பாறைல வெச்சு எண்ணுறது இதே சாமான்தான். தண்ணி வத்துற நேரமா பாத்து, அமாவாசை பௌர்ணமிய ஒட்டி நல்லாவே வத்தும், தூண்டில் வளைவு கல்லு மேல இத வெச்சு அந்த 16 புள்ளிக்கு அடியில என்ன இருக்குன்னு எழுதுங்க. கொட்டலசு இருக்கா, படகு அடியில ஒட்டிக்கிட்டு கால கிழிக்குமே அது, மட்டி இருக்கா, பச்சை பாசியா, வெறுங்கல்லா. 16ல 7 கொட்டலசுன்னா 7ஐ 16ஆல வகுத்து நூறால பெருக்குங்க, கிட்டத்தட்ட 44 சதவீதம். ஒரே கல்லுல மட்டும் பாக்காதீங்க, அலை அடிக்கிற பக்கம் பத்து எடம், உள்பக்கம் பத்து எடம். எங்க வைக்கிறதுங்கறத கண்ணுக்கு புடிச்ச எடமா தேடி வைக்கக்கூடாது, சீட்டு குலுக்கி ஒரு நம்பர் எடுத்து அத்தன அடி நடந்து வைக்கணும், இல்லனா உங்களுக்கு தெரியாமலே கொட்டலசு நெறைய இருக்கிற எடமாதான் கை போகும். அது எல்லாருக்கும் நடக்கும், எனக்கும் நடந்துச்சு.

மாசம் ஒரு தடவ, அதே எடம், தேதி நேரம் எழுதி, போட்டோ எடுத்து வெச்சுட்டு வாங்க. ஒரு வருஷம் பண்ணிட்டீங்கன்னா உங்க கையில ஒரு டேட்டா இருக்கு, எம்எஸ்சி முடிச்சவங்க பல பேர்கிட்ட சொந்தமா அது இருக்காது. ஒண்ணே ஒண்ணு, தனியா போகாதீங்க, பாசி புடிச்ச கல்லு வழுக்கும், ஐப்பசி கார்த்திகையில கடல் பொங்குறப்போ அந்த பக்கமே வேணாம். தெரிஞ்ச அண்ணன் யாரையாவது கூட்டிட்டு போங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் வந்து படிஞ்சது ஞாபகம் இருக்கும், அதுக்கு முன்னாடியே ஒரு புள்ளையாவது மாசாமாசம் இப்படி எண்ணி வெச்சிருந்தா என்ன செத்துச்சு, எவ்ளோ நாள்ல திரும்ப வந்துச்சுன்னு நாமளே கணக்கு காட்டியிருக்கலாம்.

(நான் செஞ்ச மொத குவாட்ரட்ட ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கற ஊர்ல கடல்ல எறக்குனப்போ மெதந்துடுச்சு. பைப்புக்குள்ள காத்து இருக்குல்ல, அது தோணவே இல்ல எனக்கு. போட்ல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. கீழ எறக்குறதா இருந்தா பைப்புல அங்கங்க சின்ன ஓட்டை போட்டு தண்ணி உள்ள போக விடுங்க.)

நீச்சல். குப்பத்து பசங்க "எங்களுக்கு தெரியாததா"னு சொல்வீங்க, நானும் சொன்னேன். கரையோரம் அலையில வெளையாடுறது வேற, நிக்காம 200 மீட்டர் நீந்தி பத்து நிமிஷம் ஒண்ணும் புடிக்காம மெதக்குறது வேற, ஸ்கூபா மொத கோர்ஸ்ல அததான் கேப்பாங்க. மெரினா நீச்சல் குளம், பெரியமேடு மை லேடீஸ் பூங்கா குளம் இப்படி எங்கயாவது மூணு மாசம் ஒழுங்கா போங்க. பொண்ணுங்களுக்கு வீட்ல இதுக்குதான் மொத சண்டை வரும். எங்க ஆயா "பொட்டப் புள்ள கடலுக்குள்ள போனா தொழில் படாது"னு ஆறு மாசம் பேசவே இல்ல, அப்புறம் நான் தண்ணிக்கடியில எடுத்த வீடியோவ போன்ல போட்டு காட்டுனேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு "இது இன்னா மீனு, கிலோ எவ்ளோக்கு போவும்"னு கேட்டாங்க, அதோட பிரச்சனை முடிஞ்சுது.

ஸ்கூபாவுக்கு மொத சர்டிபிகேட் ஓபன் வாட்டர், அதுல 18 மீட்டர் ஆழம் வரைக்கும் போலாம். அடுத்தது அட்வான்ஸ்டு, 30 மீட்டர். மன்னார் வளைகுடால பவளம் பெரும்பாலும் ஆழம் கம்மியான எடத்துலதான், ஓபன் வாட்டரே தாராளமா போதும், சில எடத்துல வெறும் ஸ்நார்கல், அதான் வாயில வெக்கிற மூச்சுக்குழாய், அத வெச்சே சர்வே பண்ணலாம். செலவு இருபத்தஞ்சு முப்பதாயிரம் ஆகும், அதனால சொந்த காச போட்டு ப்ளஸ் டூலயே ஓடாதீங்க, ப்ராஜெக்ட்ல சேர்ந்தா சில எடத்துல அவங்களே அனுப்புவாங்க. ஆஸ்துமா, காது பிரச்சனை இருந்தா டாக்டர்கிட்ட காட்டாம எறங்கவே கூடாது. அப்புறம் முதுகுல இருக்கிற சிலிண்டர்ல ஆக்சிஜன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, இல்ல, நாம மூச்சு விடுற சாதா காத்ததான் அமுக்கி அடைச்சிருக்கும், 200 பார் அழுத்தத்துல. பார்னு சொன்னதும் நைனா "எந்த பாரு, எவ்ளோ தூரம்"னு கேட்டாரு. அவருக்கு பார்னா கடலுக்கடியில மீன் மொய்க்கிற கல்லுமேடு.

அவரு அப்படி கேட்டது எனக்கு பின்னாடி ரொம்ப உதவுச்சு. நைனாகிட்ட இருக்கிற வார்த்தைங்க எந்த காலேஜ்லயும் சொல்லித்தர மாட்டாங்க, கடல் நீரோட்டத்த வெள்ளம்னுதான் சொல்வாரு, அது வடக்க இருந்து தெக்கா ஓடுனா வன்னி, தெக்க இருந்து வடக்கா ஓடுனா தெண்டி, எந்த வெள்ளத்துல தண்ணி தெளியும், எதுல கலங்கும் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ராமேஸ்வரம் பக்கம் போனா அங்க வேற பேரு, மன்னார் வளைகுடா பக்கத்த ஆண் கடல்னும் பாக் விரிகுடா பக்கத்த பெண் கடல்னும் சொல்றாங்க, ஒண்ணு முரட்டுத்தனமா அடிக்கும், ஒண்ணு சாதுவா கெடக்கும். என் கூட படிச்ச வெளியூர் பையன் ஒருத்தன் மேப்ப வெச்சுக்கிட்டு இன்னிக்கு போலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருப்பான், நான் படகோட்டி அண்ணன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்து "வேணாம்பா, தண்ணி கலங்கல்"னு சொல்லிடுவேன். மீனவர் வீட்டு புள்ளைங்க இத வெளிய சொல்ல வெக்கப்படுறீங்க, வெக்கப்படாதீங்க, இன்டர்வியூல கூட சொல்லுங்க.

இப்போ படிப்பு. ப்ளஸ் ஒண்ணுல பயாலஜி இருக்கிற க்ரூப் எடுங்க, கணக்கும் சேர்ந்து இருந்தா இன்னும் நல்லது, கணக்குக்கு பயந்து ஓடுனவங்க எல்லாம் பிஎச்டில வந்து புள்ளியியல் கிட்ட மாட்டிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு ரூட் இருக்கு. ஒண்ணு பிஎஸ்சி விலங்கியல், பிரசிடென்சி மாதிரி அரசு காலேஜ்ல பீஸும் கம்மி. இன்னொண்ணு பிஎஃப்எஸ்சி, மீன்வள படிப்பு, நாலு வருஷம், நீட் கெடையாது, ப்ளஸ் டூ மார்க்க வெச்சுதான் சீட்டு, மீனவர் புள்ளைங்களுக்கு தனி ஒதுக்கீடு இருக்கு. அந்த காலேஜ் பொன்னேரிலயே இருக்கு, கும்மிடிப்பூண்டி லைன் ட்ரெயின் ஏறுனா போய்டலாம், நம்ம ஆளுங்களுக்கே இது தெரியல. அதுல போனா ஆராய்ச்சி அமையலனா கூட மீன்வளத்துறை வேலைக்கு டிஎன்பிஎஸ்சி எழுதலாம், அதனால வீட்ல காசு கஷ்டம்னா நான் இததான் சொல்வேன்.

எம்எஸ்சிக்கு சிதம்பரம் பக்கத்துல பரங்கிப்பேட்டை, அண்ணாமலை யுனிவர்சிட்டியோட கடல் உயிரியல் மையம். வெள்ளாத்து முகத்துவாரத்துல இருக்கு, வகுப்ப விட்டு எறங்குனா சேறு, சதுப்பு, கடல் எல்லாமே. பவளம்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா பாண்டிச்சேரி யுனிவர்சிட்டிக்கு அந்தமான் போர்ட் பிளேர்ல (இப்போ ஸ்ரீ விஜயபுரம்னு பேரு) ஒரு வளாகம் இருக்கு, அங்க கடல் உயிரியல் படிக்கலாம். கொச்சின்ல இருக்கிற அறிவியல் தொழில்நுட்ப யுனிவர்சிட்டி, குசாட்னு சொல்வாங்க, அதுவும் நல்ல எடம். எது படிச்சாலும் எம்எஸ்சி தீசிஸ்ஸ மட்டும் பவளம் பண்ற எடத்துல போய் பண்ணுங்க. மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐ, அதான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், அதோட நிலையம் இருக்கு, 1947ல ஆரம்பிச்ச அந்த நிறுவனத்தோட தலைமையகமே ரொம்ப வருஷம் மண்டபத்துலதான் இருந்துச்சு, அப்புறமாதான் கொச்சிக்கு போச்சு. தூத்துக்குடில சுகந்தி தேவதாசன் நிறுவனம், பவளத்த துண்டு வெட்டி கட்டி திரும்ப வளக்குற வேலைய ரொம்ப வருஷமா பண்றாங்க. நம்ம சென்னையிலயே பள்ளிக்கரணையில தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், சாந்தோம்ல விலங்கியல் ஆய்வு நிறுவனத்தோட கடல் உயிரியல் மையம்.

இங்கெல்லாம் மெயில் போடுறது ஒரு கலை. "மதிப்பிற்குரிய ஐயா எனக்கு ஒரு வாய்ப்பு தாருங்கள்"னு நாப்பது பேருக்கு ஒரே மெயில அனுப்பாதீங்க, யாரும் படிக்க மாட்டாங்க. ஒருத்தர் எழுதுன பேப்பர் ஒண்ண எடுத்து படிங்க, புரியலனா மூணு தடவ படிங்க, அதுல உங்களுக்கு வந்த ஒரு கேள்விய எழுதுங்க, கூடவே உங்க தூண்டில் வளைவு கணக்க ஒரு பக்கத்துல வெச்சு அனுப்புங்க. பத்து வரிக்கு மேல வேணாம். எனக்கு பதினோரு மெயிலுக்கு ஒரு பதில் வந்துச்சு, அந்த ஒண்ணு போதுமா இருந்துச்சு.

எம்எஸ்சி முடிக்கும்போதே சிஎஸ்ஐஆர் நெட்னு ஒரு தேசிய அளவு தேர்வு இருக்கு, அத எழுதிடுங்க, லைஃப் சயின்ஸ் பேப்பர். அதுல ஜேஆர்எஃப், அதான் ஆராய்ச்சி உதவித்தொகை, கெடைச்சா மாசம் 37,000, வீட்டு வாடகை தனி, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. நான் சேரும்போது 25,000தான். எஸ்சி, ஓபிசி புள்ளைங்களுக்கு தனி தேசிய ஃபெல்லோஷிப்பும் இருக்கு. இதுல ஒரு உண்மைய சொல்லியே ஆகணும், பணம் மாசாமாசம் வராது. நான் இருந்த எடத்துல ஒரு தடவ எட்டு மாசம் வரல, ஃபைல் இங்க இருக்கு அங்க இருக்குன்னு அலைய விட்டாங்க, நைனா வலைக்கு வெச்சிருந்த துட்ட எடுத்து எனக்கு அனுப்புனாரு. அதனால கையில ஆறு மாச செலவுக்கு ஏதாவது ஒரு ஏற்பாடு வெச்சுட்டு சேருங்க, ஜேஆர்எஃப் இல்லாம பிஎச்டில சேராதீங்க, கைடு எவ்ளோ நல்லவரா இருந்தாலும்.

களத்துல வேலை எப்படின்னா, மன்னார் வளைகுடா தேசிய பூங்கா 1986ல அறிவிச்சது, 21 தீவு, அதுல பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணிக்குள்ள போய்டுச்சு, சுத்தி இருந்த பவளத்த சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தது பெரிய காரணம். இப்போ வெட்டவும் முடியாது தொடவும் முடியாது. பாறை கட்டுற பவளம் எல்லாம் 2001ல இருந்து வன உயிரின சட்டத்துல அட்டவணை ஒண்ணு, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். கரையில செத்து கெடக்குற துண்ட ஆசையா பைல போட்டுக்கிட்டா கூட கேஸ்தான். ஆராய்ச்சிக்குனாலும் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேணும், அது வர மாசக்கணக்காகும், அத கணக்கு போட்டுட்டு ப்ளான் பண்ணுங்க, கடல் தெளிவா இருக்கிற சீசன் போனதுக்கப்புறம் பர்மிஷன் வந்தா ஒரு வருஷம் அம்போ.

கீழ எறங்குனா 20 மீட்டர் டேப்ப பவளத்து மேல இழுத்து விடணும், ஆழம் ஒரே மாதிரி இருக்கிற பக்கமா. டேப்புக்கு அடியில உயிர் பவளம் எத்தன சென்டிமீட்டர், செத்தது எத்தன, மணல் எத்தன, பாசி எத்தனன்னு எழுதிக்கிட்டே போகணும். உயிர் பவளம் மொத்தம் 460 சென்டிமீட்டர் வந்தா 2,000ல வகுத்தா 23 சதவீதம், அவ்ளோதான் கணக்கு. எழுதுறதுக்கு வெள்ளை பிளாஸ்டிக் பலகையும் சாதா பென்சிலும்தான், பென்சில் தண்ணிக்கடியில அழகா எழுதும். ரெண்டு பென்சில் கட்டிட்டு போங்க, ஒண்ணு கண்டிப்பா ஒடையும். மன்னார் வளைகுடால 117 வகை பவளம் பதிவாயிருக்கு, அத மொத நாளே மனப்பாடம் பண்ண வேணாம், மொதல்ல வடிவத்த பழகுங்க, கொம்பு கொம்பா இருக்கிறது அக்ரோபோரா, உருண்டையா திண்டு மாதிரி இருக்கிறது பெரும்பாலும் போரைட்டிஸ், இப்படி ஆரம்பிச்சு போகலாம். கொம்பு பவளம் வருஷத்துக்கு பத்து சென்டிமீட்டர் கூட வளரும், போரைட்டிஸ் ஒரு சென்டிமீட்டர் வளந்தாலே பெருசு. ஒங்க ஒசரத்துக்கு ஒரு போரைட்டிஸ பாத்தீங்கன்னா அது உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு முந்துனதுன்னு வெச்சுக்கோங்க. கால்ல மாட்டுற ஃபின்னால, அதான் நீச்சல் துடுப்பு, ஒரு ஒதை விட்டா போச்சு, அதனால மெதக்குறத நல்லா பழகிட்டுதான் டேப்ப கையில எடுக்கணும்.

2016 மே மாசம் மண்டபத்துல எறங்குனேன். படகோட்டி அண்ணன் முந்துன நாளே சொன்னாரு, "தண்ணி கஞ்சி மாதிரி சுடுதும்மா, கீழ எல்லாம் வெள்ளை பூத்து கெடக்கு"னு. போய் பாத்தா மூணு மாசம் முன்னாடி பழுப்பா இருந்த கொம்புங்க எல்லாம் உப்பு மாதிரி வெள்ளை. தண்ணி ரொம்ப சூடானா பவளம் தனக்குள்ள இருக்கிற பாசிய வெளிய தள்ளிடும், அப்போ கீழ இருக்கிற சுண்ணாம்பு கூடு தெரியும், அதான் வெளுப்பு. கிட்ட போய் பாத்தா பாலிப் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு, உள்ள இருந்து கை நீட்டிட்டு அசையுது, சாகல, பட்டினி. சூடு சீக்கிரம் தணிஞ்சா பாசி திரும்ப வரும், இல்லனா பச்சை பாசி மேல படர்ந்துடும், அப்புறம் அவ்ளோதான். நான் பலகையில எழுதிக்கிட்டே போனேன், மாஸ்க்குக்குள்ள தண்ணி வந்த மாதிரி இருந்துச்சு, கழட்டி ஊதி பாத்தேன், மாஸ்க்ல ஓட்டை இல்ல. 1998, 2010, 2016, அப்புறம் 2024னு இது திரும்ப திரும்ப வருது. வழக்கமான கோடை உச்சத்த விட ஒரு டிகிரி ஏறி நாலு வாரம் நின்னாலே வெளுக்க ஆரம்பிக்கும், எட்டு வாரம்னா சாவு ஆரம்பம். ஹைதராபாத்ல இன்காய்ஸ் நிறுவனம் சாட்டிலைட் வெப்பத்த வெச்சு வெளுப்பு எச்சரிக்கை போடுறாங்க, அத வீட்ல இருந்தே பாக்கலாம், ஏப்ரல் மே மாசத்துல பாத்து பழகுங்க.

கணக்கு போடுற கம்ப்யூட்டர் வேலைக்கு ஆர் (R)னு ஒரு ப்ரோகிராம் மொழி இருக்கு, இலவசம், அத காலேஜ் ரெண்டாவது வருஷத்துலயே ஆரம்பிச்சுடுங்க. போட்டோவ வெச்சு பவளம் எண்ணுறதுக்கு கோரல்நெட் இருக்கு, அதுவும் இலவசம். இங்கிலீஷ் பயம் இருந்தா, எனக்கும் இருந்துச்சு, தமிழ் மீடியம்தான் நான். பேப்பர்ல வர்ற இங்கிலீஷ் ஐநூறு வார்த்தைக்குள்ள சுத்தி சுத்தி வரும், ரெண்டு வருஷத்துல பழகிடும்.

பிஎச்டிக்கு அஞ்சாறு வருஷம் ஆகும், அதுக்கப்புறம் பர்மனன்ட் வேலை கைல காத்துட்டு இருக்காது. விஞ்ஞானி போஸ்ட்டு எப்பயாவதுதான் வரும். ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட்டா தாவுறவங்க இருக்காங்க, என்ஜிஓ போறவங்க, துறைமுகம் கட்டுறதுக்கு முன்னாடி சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை எழுதுற கம்பெனிக்கு போறவங்க இருக்காங்க. கடைசில சொன்னதுல சம்பளம் நல்லா இருக்கும், ராத்திரி தூக்கம் வருமாங்கறது நீங்க என்ன எழுதுறீங்கங்கறத பொறுத்து.

அந்த பொண்ணு கெளம்பும்போது கடைசியா கேட்டது, "அக்கா, எனக்கு போட்ல ஏறுனா வாந்தி வருமே". எனக்கும் வரும், மீனவர் பொண்ணுக்கே வருதான்னு கலாய்ப்பாங்க, விடுங்க. முந்துன நாள் ராத்திரி நல்லா தூங்கணும், காலைல ரெண்டு இட்லி, இஞ்சி ஒரு துண்டு வாயில, போட்ல குனிஞ்சு போன பாக்காம தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டையே பாத்துட்டு வரணும். பூரி கெழங்கு மட்டும் சாப்டுட்டு ஏறாதீங்க. நான் ஏறுனேன், அன்னிக்கு மீனுங்களுக்கு நல்ல சாப்பாடு.